கால் உடையும், காலை உடைப்பேன்

மின்மாற்றியின் வேலியில், மண்டையோட்டுப் படத்துக்குக் கீழே, 'அபாயம்' என்று எழுதியிருக்கும். ஒரு வீட்டுக் கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று இருக்கும். அடுத்த வீட்டுக் கேட்டில் 'வாசலில் வண்டியை நிறுத்தாதீர்கள். மீறினால் காற்று பிடுங்கப்படும்' என்று இருக்கும். மூன்று பலகைகளும் வழிப்போக்கரிடம் கேட்பது ஒன்றுதான்: தள்ளிப் போ. கேட்காவிட்டால் கெடுதல் வரும் என்பதையும் மூன்றுமே சொல்கின்றன. ஆனாலும் முதல் பலகையை மிரட்டல் என்று யாரும் சொல்வதில்லை. மூன்றாவதை வெறும் எச்சரிக்கை என்று ஏற்கப் பலரும் தயங்குவார்கள்.

மின்சாரம் யாருடைய விருப்பத்துக்கும் காத்திருப்பதில்லை. பலகை வைத்தாலும் வைக்காவிட்டாலும் தொட்டவரை அது தாக்கும். டயரில் இருக்கும் காற்று அப்படித் தானாக இறங்குவதில்லை. யாரோ ஒருவர் குனிந்து வால்வைத் திறக்க வேண்டும். அந்த ஒருவர்தான் பலகையை எழுதியவர். 'பிடுங்கப்படும்' என்ற செயப்பாட்டுவினைக்குப் பின்னால் அவருடைய கை மறைந்திருக்கிறது. நாய்ப் பலகை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நாயை வளர்ப்பவர் வீட்டுக்காரர். ஆனால் அவர் ஏவித்தான் அது கடிக்கும் என்று பலகை சொல்லவில்லை. அதனால் அது எச்சரிக்கையின் பக்கமே சாய்கிறது. 'உள்ளே வந்தால் நாயை அவிழ்த்துவிடுவோம்' என்று எழுதியிருந்தால் அதுவும் மிரட்டலாகியிருக்கும்.

இந்த வேறுபாட்டின் ஒரு பகுதி சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. 'எச்சரிக்கை' என்பதோடு உறவுடைய 'எச்சர' என்ற கன்னடச் சொல்லுக்கு விழிப்பு என்று பொருள். தூங்கி எழுந்திருப்பதையும் கன்னடத்தில் அந்தச் சொல்லால்தான் சொல்வார்கள். தெலுங்கிலும் இந்தச் சொல் உண்டு. தியாகராசரின் யதுகுலகாம்போதிக் கீர்த்தனை ஒன்று இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது; இராமனைப் பார்த்துப் பதமாக வரச் சொல்லும் பாட்டு அது. அங்கே அச்சமும் இல்லை, தண்டனையும் இல்லை, அன்பின் கவனம் மட்டுமே இருக்கிறது. எச்சரிப்பவர் செய்வது எதிரில் இருப்பவரை விழிக்கச் செய்வது.

'மிரட்டு' வேறு குடும்பத்துச் சொல். உருள் என்பதிலிருந்து உருட்டு வருவதுபோல, சுருள் என்பதிலிருந்து சுருட்டு வருவதுபோல, மிரள் என்பதிலிருந்து மிரட்டு வருகிறது. வெடிச் சத்தம் கேட்டு வண்டிமாடு மிரளும். மிரண்ட மாட்டுக்கு வழி தெரியாது. மிரட்டுவது என்றால் ஒருவரை அந்த நிலைக்குத் தள்ளுவது. எழுத்துத் தமிழில் இன்னும் தெளிவான ஓர் இணை இருக்கிறது: அறிவுறுத்துதல், அச்சுறுத்துதல். இரண்டிலும் வினை ஒன்றே. ஒன்றில் கேட்பவருக்கு அறிவு சேர்கிறது, மற்றொன்றில் அச்சம் சேர்கிறது.

ஆனால் அச்சத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் கணக்கு தவறும். நல்ல எச்சரிக்கையும் பயமுறுத்தும், பயமுறுத்தவும் வேண்டும். இந்தியாவில் 2016 ஏப்ரல் முதல் சிகரெட் பெட்டியின் முன்புறத்திலும் பின்புறத்திலும் 85 சதவீத இடத்தைப் படத்தோடு கூடிய சுகாதார எச்சரிக்கை பிடித்துக்கொள்கிறது. அந்தப் படங்கள் பார்ப்பவரை நடுங்கவைக்கத்தான் அச்சிடப்படுகின்றன. வானிலை ஆய்வு மையம் ஒரு மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் மீனவர் குடும்பங்களுக்கு வயிற்றைக் கலக்கும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண் ஏற ஏறக் கரையோர ஊர்களில் பேச்சு குறையும். இவற்றை யாரும் மிரட்டல் என்பதில்லை. வேறுபாடு பயத்தின் அளவில் இல்லை, அந்தப் பயத்துக்குக் காரணமானது எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது.

இதைக் காட்டத் தமிழ் இலக்கணமே கைகொடுக்கிறது. முருங்கை மரத்தில் ஏறும் மகனைப் பார்த்து அம்மா, "ஏறாதடா, கால் உடைஞ்சிடும்" என்கிறாள். முருங்கைக் கிளை சொல்லாமல் கொள்ளாமல் முறியக்கூடியது. அவள் சொல்வது உண்மை. அவன் கேட்கவில்லை. அடுத்த குரலில், "இப்ப இறங்கல, காலை உடைச்சிடுவேன்" என்கிறாள். கால் அதே கால், மரம் அதே மரம், அக்கறையும் அதேதான். மாறியது வினை ஒன்றுதான். 'உடையும்' என்பது தானாக நிகழ்வது, 'உடைப்பேன்' என்பது ஒருவர் செய்வது. முதல் வாக்கியத்தில் மகனுக்கு எதிரில் இருப்பது முருங்கைக் கிளை. இரண்டாவதில் அம்மாவே எதிரில் வந்து நிற்கிறாள். முறியும், முறிப்பேன், எரியும், எரிப்பேன், போகும், போக்குவேன் என்று தமிழ் வினைகள் பலவும் இப்படி இரட்டையாகவே கிடைக்கின்றன.

இதிலிருந்து ஓர் எளிய சோதனை பிறக்கிறது. சொன்னவர் அதைச் சொல்லாமலே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அம்மா வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் முருங்கைக் கிளை முறியும். எச்சரிக்கை, ஏற்கெனவே இருக்கும் ஆபத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறது. மிரட்டலோ தானே ஓர் ஆபத்தை உண்டாக்குகிறது. பள்ளிக்கூடத்துக்கு ஒருவர் தொலைபேசியில் அழைத்து, கட்டடத்தில் குண்டு இருக்கிறது என்று சொல்வதை எடுத்துக்கொள்ளலாம். குப்பைத் தொட்டியில் ஏதோ மர்மப் பொருளைக் கண்ட துப்புரவுப் பணியாளர் சொன்னால் அது எச்சரிக்கை. தான் வைத்ததாகச் சொல்பவன் சொன்னால், மறுநாள் செய்தித்தாள் அதை 'வெடிகுண்டு மிரட்டல்' என்று எழுதும். நாளிதழ்த் தமிழ் இதில் தவறுவதே இல்லை: கொலை மிரட்டல் உண்டு, கொலை எச்சரிக்கை கிடையாது, புயல் எச்சரிக்கை உண்டு, புயல் மிரட்டல் கிடையாது.

பொய்யாகும்போதும் இரண்டும் வெவ்வேறு விதமாகவே பொய்யாகின்றன. எச்சரிக்கை ஒரு செய்தி. அது மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கலாம். புலி வருது என்று விளையாட்டுக்குக் கத்திய சிறுவன் சொன்னது பொய்யான எச்சரிக்கை. மிரட்டலைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை, வெற்று மிரட்டல் என்கிறார்கள். பூச்சாண்டி காட்டுகிறான், குரைக்கிற நாய் கடிக்காது என்கிறார்கள். எச்சரிப்பவரிடம் 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்கலாம். மிரட்டுபவரிடம் கேட்கப்படும் கேள்வி 'எங்கே, செய் பார்க்கலாம்' என்பதுதான்.

ஆக்ஸ்ஃபோர்டு தத்துவ அறிஞர் ஜே.எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகள், அவர் மறைந்தபின் 1962இல் நூலாக வந்தன. பேசுவது என்பது செய்தி சொல்வது மட்டுமல்ல, அதுவே ஒரு செயல் என்பது அவர் நிறுவிய கருத்து. சத்தியம் செய்கிறேன் என்று சொல்லும்போதே சத்தியம் நிகழ்ந்துவிடுகிறது. மன்னிப்புக் கேட்கிறேன் என்பதும் அப்படியே. அவர் காட்டிய வழியில் இந்த இரு சொற்களையும் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். 'உன்னை எச்சரிக்கிறேன்' என்று யாரும் சொல்லலாம், சொன்னதும் எச்சரிக்கை நடந்து முடிந்துவிடும். 'உன்னை மிரட்டுகிறேன்' என்று எந்த ரவுடியும் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் மிரட்டலே கெட்டுவிடும். மிரட்டு என்பது கேட்பவரிடம் நேர வேண்டிய விளைவின் பெயர். மாடு மிரண்டால்தான் மிரட்டியதாகும். அதோடு, தன் செயலுக்கு அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ள மிரட்டுபவரே கூசுகிறார். அதனால்தான் மிரட்டல் எப்போதும் வேறு சொற்களைத் தேடிப் போகிறது.

பெரும்பாலும் அது எச்சரிக்கையின் உடையைத்தான் உடுத்திக்கொள்கிறது. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." "புள்ளகுட்டிக்காரர், பாத்து நடந்துக்குங்க." "ராத்திரி நேரம் தனியா வர்றீங்க போல." "அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல." எழுத்தில் படித்தால் ஒவ்வொன்றும் அண்ணன் தம்பியிடம் சொல்லக்கூடிய வாக்கியம்தான். நிலத்தகராறு நடக்கும்போது, எதிர்த்தரப்பின் ஆள் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னால், கேட்டவருக்கு அன்று இரவு தூக்கம் போய்விடும். இங்கே 'கால் உடையும்' என்ற தானாக நிகழும் வினை, 'உடைப்பேன்' என்பதற்கு முகமூடியாகிவிட்டது. சொன்னவர் நாளை காவல் நிலையத்தில், "நான் என்ன சார் தப்பா சொன்னேன்?" என்று கேட்கலாம். கேட்டவருக்கோ தன் பயத்தைப் பிறரிடம் விளக்கிச் சொல்லவும் வார்த்தை கிடைக்காது. வெளிப்படையான மிரட்டலைவிட இது கொடியது. மிரட்டப்பட்டவர் 'எனக்கு மிரட்டல் வந்தது' என்று சொல்லும் உரிமையைக்கூட இது பிடுங்கிக்கொள்கிறது. இலக்கணம் இங்கே உதவாது. யார் சொன்னார், எந்தச் சூழலில் சொன்னார், நினைத்தால் அவரால் நடத்திவைக்க முடியுமா, பேச்சு பலித்தால் லாபம் யாருக்கு என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

லாபம் என்ற கேள்வி பல சிக்கல்களை அவிழ்க்கும். எச்சரிக்கையைக் கேட்டு நடந்தால் காப்பாற்றப்படுபவர் கேட்டவர். மிரட்டலுக்குப் பணிந்தால் ஆதாயம் அடைபவர் சொன்னவர். முருங்கை மரத்தடியில் நிற்கும் அம்மா இங்கேதான் ரவுடியிடமிருந்து பிரிகிறாள்: அவள் பேச்சின் வடிவம் மிரட்டல், பயன் முழுவதும் மகனுக்கு. பிள்ளைகளும் அதை அறிந்தே வைத்திருக்கிறார்கள். 'காலை உடைச்சிடுவேன்' என்பதைக் கேட்டு எந்தப் பிள்ளையும் கால் உடையும் என்று நம்புவதில்லை, அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது என்றுதான் புரிந்துகொள்கிறது.

சொன்னவரின் கையே கெடுதலைச் செய்தாலும் சில வேளைகளில் அது எச்சரிக்கையாகவே நிற்பதும் உண்டு. தவணை தவறினால் அடகு நகை ஏலத்துக்குப் போகும் என்று வங்கி கடிதம் அனுப்புகிறது. ஏலம் விடப்போவது அதே வங்கிதான். ஆனால் அது கடன் வாங்கிய அன்றே இருவரும் கையெழுத்திட்ட ஏற்பாடு. கடிதம் போடாவிட்டாலும் கெடு தாண்டினால் நடக்கக்கூடியது. கடிதம் அதை நினைவூட்டுகிறது, அவ்வளவுதான். அதே கடனுக்காக வசூல் முகவர் ஒருவர், "வாசல்ல வந்து உக்காருவோம், அக்கம்பக்கத்துக்குத் தெரியட்டும்" என்றால் அது மிரட்டல். எந்த ஒப்பந்தத்திலும் அப்படி எழுதியிருக்காது. நிலுவைக் கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது, சொல்லாலோ செயலாலோ மிரட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் கட்டுப்பாடு விதித்ததும் இப்படிப்பட்ட பேச்சை மனதில் வைத்துத்தான். 1970 மெக்சிகோ உலகக் கோப்பைக் கால்பந்தில் முதன்முதலாகப் பயன்பட்ட மஞ்சள் அட்டையும் முதல் வகையைச் சேர்ந்தது. சிவப்பு அட்டையை நீட்டப்போவது அதே நடுவர்தான் என்றாலும், விதி அவர் இட்டதல்ல.

அமெரிக்காவில் இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதை 1969இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே வகுக்க வேண்டி வந்தது. கிஸல் பேக்கிங் வழக்கு என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பில், தொழிற்சங்கம் சேர முனையும் தொழிலாளர்களிடம் முதலாளி என்ன பேசலாம் என்பது கேள்வி. சங்கம் வந்தால் ஆலை மூடும்படி ஆகலாம் என்று முதலாளி சொல்வது அவருடைய பேச்சுரிமையா, தொழிலாளர்களை மிரட்டுவதா? தன் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள காரணங்களால் இப்படி நேரக்கூடும் என்று ஆதாரத்தோடு கணித்துச் சொன்னால் அது அனுமதிக்கப்பட்ட பேச்சு. மூடுவதும் மூடாததும் தன் விருப்பம் என்ற நிலையில், பழிவாங்கும் குறிப்போடு சொன்னால் அது மிரட்டல். நீதிமன்றம் வகுத்த கோடு இதுதான். ஆலை 'மூடும்', ஆலையை 'மூடுவேன்' என்று தமிழில் சொன்னால் இந்த வழக்கின் சாரம் இரண்டு வினைகளில் அடங்கிவிடும்.

மிரட்டுபவருக்கும் ஒரு சிக்கல் உண்டு. சொன்னதைச் செய்ய நேர்ந்தால் பெரும்பாலும் அவருக்கும் நட்டம்தான். எதிராளி பணியவில்லை என்றால் செலவு செய்து சண்டையிட வேண்டும், இல்லையேல் வாய்ச்சொல் வீரன் என்ற பெயர் வரும். 1960இல் வெளிவந்த, நாடுகளின் மோதல் உத்திகளை ஆராயும் நூலில் தாமஸ் ஷெல்லிங் இதை அலசினார். 2005இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. வந்த திருடனைப் பிடித்துக் கொடுப்பேன் என்று வீட்டுக்காரர் சொல்வது, எப்படியும் அவர் செய்ய விரும்புவதையே சொல்வது. அது எச்சரிக்கைக்கு நெருக்கமானது. தானாகச் செய்ய விரும்பாத ஒன்றைச் செய்வேன் என்பதே முழு மிரட்டல். அதைப் பிறர் நம்ப வேண்டுமானால், பின்வாங்க முடியாதபடி தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஷெல்லிங்கின் கருத்து.

அந்தக் கட்டு எப்படி இருக்கும் என்பதற்குப் புறநானூற்றில் சான்று இருக்கிறது. 72ஆம் பாட்டு, தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் சொன்ன வஞ்சினம். இளையவன் என்று தன்னை இகழ்ந்த அரசர்களை வெல்லாவிட்டால், தன் குடிமக்கள் தன்னைக் கொடியவன் என்று தூற்றட்டும். மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் தன் நாட்டைப் பாடாது போகட்டும். இரப்பவர்க்குக் கொடுக்க முடியாத வறுமை தன்னைச் சேரட்டும் என்கிறான். சாபம் முழுவதும் தன் தலைமேலேயே விழும்படி அவன் அமைத்துக்கொள்கிறான். எதிரிகளுக்கு விடுத்த அறைகூவல் இது, ஆனால் பிணையாக வைத்தது தன் புகழை.

அதே நூலின் 184ஆம் பாட்டு எதிர்முனையில் இருக்கிறது. பாண்டியன் அறிவுடை நம்பியிடம் பிசிராந்தையார் சொல்வது, யானையைப் பற்றி. சிறு நிலத்து நெல்லையும் அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். பெரிய வயலானாலும் யானை தானே புகுந்து மேய்ந்தால், வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவதே அதிகம். வரி வாங்கும் முறை தெரியாத அரசனுக்கும் அதுவே நேரும். அவனும் உண்ணமாட்டான், நாடும் கெடும். இப்பாட்டின் துறை 'செவியறிவுறூஉ'. அறிவுறுத்துதல் என்ற சொல் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. புலவரிடம் படையில்லை. நாடு கெட்டால் அது அவர் கெடுத்ததாக இராது. அரசனை நோக்கிப் பேசினாலும் இது மிரட்டலாக முடியாதது அதனால்தான்.

ஒரே செய்தி இரண்டு வாய்களிலிருந்து வரும்போது இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். கம்பராமாயணத்து யுத்த காண்டத்தில் சீதையை விடாவிட்டால் இலங்கை அழியும் என்று வீடணன் சொல்கிறான். அங்கதனும் தூதனாக வந்து அதைத்தான் சொல்கிறான். அங்கதன் சொன்னது மிரட்டல். அழிக்கப்போகும் படையின் ஆள் அவன். வீடணன் சொன்னது எச்சரிக்கை. அழிவு வந்தால் அது அவனுடைய ஊருக்கும் உறவுக்கும் சேர்த்துத்தான். இராவணனால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. தம்பியின் வாயில் பகைவனின் குரலைக் கேட்டான், அவனைத் துரத்தினான். எச்சரிப்பவருக்கு நேரும் பெரும் துயரம் இது. கசப்பான செய்தியைக் கொண்டுவந்தவர் மீதே அந்தக் கசப்பு ஒட்டிக்கொள்கிறது. அலுவலகத்தில் கணக்கு இடிக்கிறது என்று மேலாளரிடம் சொல்லும் ஊழியருக்கும், 'என்னையே மிரட்டுகிறாயா?' என்ற கேள்விதான் சில நேரம் பதிலாகக் கிடைக்கிறது.

நீதிமன்றத்தில் இந்த வேறுபாடு சிறைக்கும் விடுதலைக்கும் இடையிலான வேறுபாடாகிவிடும். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 503ஆம் பிரிவு குற்றமுறு மிரட்டலை விளக்கியது. 506ஆம் பிரிவு தண்டனையைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 351ஆம் பிரிவாக ஒன்றுசேர்ந்துள்ளன. சாதாரண மிரட்டலுக்கு 2 ஆண்டு வரை சிறை; கொலை, கொடுங்காயம், தீவைப்பு போன்றவற்றைச் சொல்லி மிரட்டினால் 7 ஆண்டு வரை. பெயரை மறைத்து மிரட்டினால் கூடுதலாக 2 ஆண்டு வரை.

சட்டம் இரண்டு இடங்களில் எச்சரிக்கையைக் காப்பாற்றுகிறது. முதலாவது, சொல்லப்படும் தீங்கு சட்டவிரோதமானதாக இருக்க வேண்டும். பணத்தைத் திருப்பித் தராவிட்டால் வழக்குப் போடுவேன் என்று வக்கீல் நோட்டீஸ் விடுவது யாரையும் நடுங்கவைக்கலாம். ஆனால் நீதிமன்றத்துக்குப் போவது சட்டவிரோதம் அல்ல, எனவே அது குற்றமுறு மிரட்டல் ஆகாது. அதே பணத்துக்காக வீட்டைக் கொளுத்துவேன் என்றால் ஆகும். இரண்டாவது, திகிலூட்டும் நோக்கமோ, ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக நடக்கவைக்கும் நோக்கமோ இருக்க வேண்டும். பெங்களூரு போக்குவரத்துக் காவல்துறையின் முகநூல் பக்கத்தில், ஆய்வாளர் தங்களைக் கடுமையாக நடத்தினார் என்று ஒரு தம்பதி எழுதியதற்காக 506ஆம் பிரிவிலும் வழக்குப் பதிவானது. 2015இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. திகிலூட்டும் நோக்கம் இல்லாத வெறும் சொற்கள் மிரட்டல் ஆகாது என்றது.

கடைசியாக ஒரு வகை இருக்கிறது, அதில் கெடுதல் செய்யும் கை தெய்வத்தினுடையது. "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்று கேட்டு வளராத தமிழ்க் குழந்தை அரிது. சொல்பவர் கை இதில் இல்லை, அதனால் வடிவத்தில் எச்சரிக்கை. ஆனால் சாமியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஒருவர் பேசத் தொடங்கினால் என்ன? 1860ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கும் 508ஆம் பிரிவை ஒதுக்கியிருந்தது. இப்போது அது 354ஆம் பிரிவு, ஓராண்டு வரை சிறை. பழைய சட்டம் தந்த எடுத்துக்காட்டு ஒன்றில், ஒருவர் இன்னொருவரின் வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறார்; தான் அங்கே உட்கார்ந்திருப்பதாலேயே வீட்டுக்காரர் தெய்வக் குற்றத்துக்கு ஆளாவார் என்று நம்பவைக்கிறார். இன்னொன்றில், சொன்னதைச் செய்யாவிட்டால் தன் பிள்ளையையே கொன்று அந்தப் பாவத்தை உன் தலையில் சுமத்துவேன் என்கிறார். பாவம் செய்தால் கடவுள் தண்டிப்பார் என்று கோயிலில் கதை சொல்பவரை இந்தப் பிரிவு தொடுவதில்லை. 'குற்றம் செய்பவரின் ஏதோ ஒரு செயலால்' தெய்வக் கோபம் வந்து சேரும் என்று நம்பவைத்திருக்க வேண்டும் என்பது பிரிவின் வாசகத்திலேயே இருக்கிறது.